திரை நம் வீட்டில், கோப்பு யார் வீட்டில்?

நம் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் உள்ளே காலியாகிக்கொண்டு வருகிறது. திரை, கீபோர்டு, மவுஸ் மட்டும் இங்கே; கணக்குப் போடும் வேலையும் கோப்புகளும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில். அரசு அலுவலகம், வங்கி, பள்ளி, இப்போது வீட்டுத் தொலைக்காட்சி என்று எல்லா இடத்துக்கும் இந்த ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது. செலவு குறைகிறது, பராமரிப்புத் தொல்லை குறைகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் லைன் போனால், சந்தா நின்றால், அந்த டேட்டா சென்டரே தீப்பிடித்தால் நம் வேலை என்ன ஆகும் என்பதற்கு யாரும் இன்னும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை.

இந்தப் பேச்சு இப்போது எழக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டில் பயன்படுத்துபவர்கள் பதிவு செய்துகொண்டால் ஓராண்டு கூடுதல் அவகாசம். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் தேவை. 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை, எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தாலும், அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை.

புதிதாக வாங்கலாம் என்றால் நேரமும் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால், 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் சில்லறையில் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அந்த வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. டேட்டா சென்டர்கள் ரேமை வாங்கிக் குவித்துக் கம்ப்யூட்டர் விலையை ஏற்றுகின்றன. விலை ஏறியதால் டேட்டா சென்டரில் இருக்கும் கம்ப்யூட்டரை நாம் வாடகைக்கு எடுக்கப் போகிறோம். வியாபாரம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

மாதம் 599 ரூபாய்

அந்த வாடகைக் கம்ப்யூட்டர் 2025 ஜூலையிலேயே நம் ஊருக்கு வந்துவிட்டது. ரிலையன்ஸ் ஜியோவின் ‘ஜியோபிசி’ என்ற சேவையில் தனிக் கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டு டிவியோடு இணைந்த செட் டாப் பாக்ஸில் ஒரு கீபோர்டையும் மவுஸையும் செருக வேண்டும். திரையில் தெரியும் கம்ப்யூட்டர் உண்மையில் அந்த நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில், மைக்ரோசாஃப்ட் உள்ளங்கை அளவே உள்ள ‘விண்டோஸ் 365 லிங்க்’ பெட்டியை அலுவலகங்களுக்காக 349 டாலர் விலையில் அறிவித்திருந்தது. அதற்குள் எந்தக் கோப்பையும் சேமிக்க முடியாது. நெட் இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு வேலையும் இல்லை.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இதைத் ‘தின் கிளையன்ட்’ என்பார்கள். கைப்பக்கத்தில் மெல்லிய கருவி, கனமான வேலை முழுவதும் நெட்வொர்க்கின் மறுமுனையில்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜியோபிசி அறிமுகமான காலத்தில் மாதச் சந்தா 599 ரூபாய், ஆண்டுச் சந்தா 4,599 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டக்கூடிய குடும்பத்துக்கு ஐந்து ஆண்டில் 22,995 ரூபாய் ஆகும். கையில் பணம் புழங்கும்போது மாதாமாதம் கட்டுகிற குடும்பத்துக்கு அதே ஐந்து ஆண்டில் 35,940 ரூபாய். பிராட்பேண்ட் கட்டணம் தனி. மொத்தமாகப் புரட்ட முடியாதவர்தான் அதிகம் கொடுக்கிறார். ஐந்து ஆண்டு முடிந்ததும் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் பழையதாகவாவது ஒரு பொருள் மிஞ்சும், சந்தாதாரரிடம் ரசீதுதான் மிஞ்சும்.

இதைச் சொல்வதால் இந்த ஏற்பாடே மோசம் என்று ஆகிவிடாது. லேப்டாப் வாங்க வழியில்லாத வீட்டில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் மூன்று மாதம் மட்டும் சந்தா கட்டி வேலையை முடித்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு லாபம் இன்னும் தெளிவு. ஒரு தின் கிளையன்ட் பெட்டி 10 முதல் 15 வாட் மின்சாரத்தில் ஓடிவிடும். நூறு மேசைக்கும் ஒரே இடத்திலிருந்து அப்டேட் போடலாம். பெட்டி திருடு போனாலும் கோப்பு போகாது. பென் டிரைவ் வழியே வைரஸ் ஏறுவதைத் தடுப்பதும் எளிது. குறை அமைப்பில் இல்லை. நாம் அதை எந்த நிபந்தனையில் வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

ஏற்கெனவே ஓடிய படம்

வேலையை மையத்தில் வைப்பது நமக்குப் புதிதல்ல. 1973-இல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 மெயின்ஃபிரேம் வந்தபோது, புரோகிராமை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அச்சாகி வரும் விடைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா தவறினால் மறுபடி அட்டை, மறுபடி வரிசை.

ரயில்வே முன்பதிவும் இதே இனம்தான். 1985-இல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியபோது கவுன்ட்டரில் இருந்தது வெறும் திரையும் கீபோர்டும் பிரின்டரும்தான். பெர்த் கணக்கு முழுவதும் மையக் கணினியில். ஒரே பெர்த்தை இரண்டு கவுன்ட்டர்களில் இருவருக்கு விற்றுவிடாமல் இருக்க வேண்டுமென்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். வங்கி இருப்பும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே கணக்கு வேண்டிய இடத்தில் மையம் தேவை. ஒருவர் எழுதும் கடிதம், ஆசிரியர் தயாரிக்கும் வினாத்தாள், குடும்பப் புகைப்படம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. இந்த வேறுபாட்டை இன்றைய விற்பனைப் பேச்சு வசதியாக மறைத்துவிடுகிறது.

1981-இல் ஐபிஎம் பிசி வந்த பிறகு வேலை மேசைக்கு இறங்கியது. அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது நம் சிற்றூர்களின் டிடிபி சென்டர்களுக்குத் தெரியும். கடன் வாங்கி ஒரு பிசி, ஒரு பிரின்டர், பேஜ்மேக்கர் மென்பொருள், ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு. கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் வரை அடித்துப் பிழைத்தார்கள். இன்டர்நெட் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அந்த மெஷின் ஆண்டுக்கணக்கில் ஓடியது. அதை நிறுத்தும் சுவிட்ச் அந்தக் கடைக்காரரிடம் மட்டுமே இருந்தது.

ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எல்லிசன் 1995-இல் இதைத் திருப்பிப்போடப் பார்த்தார். ஹார்டு டிஸ்க் இல்லாத, 500 டாலருக்குள் அடங்கும் ‘நெட்வொர்க் கம்ப்யூட்டர்’ பிசியை ஒழித்துவிடும் என்றார். சன் நிறுவனம் 1996-இல் ஜாவாஸ்டேஷன் என்ற கருவியைக் கொண்டுவந்தது. இரண்டுமே எடுபடவில்லை. பிசி விலை வேகமாக இறங்கியது; லைனோ நத்தை வேகத்தில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இங்கே இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோது டயல் அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அதில் ஒரு புகைப்படம் இறங்குவதற்குள் காபி ஆறிவிடும்.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயினும் சேர்ந்து உருவாக்கிய நொவேடியம் நிறுவனம், செல்போன் சிப்பை வைத்து ஏறக்குறைய 100 டாலர் விலையில் ‘நெட்பிசி’ ஒன்றைக் கொண்டுவந்தது. மாதச் சந்தா, மையத்தில் சர்வர், வீட்டில் சிறு பெட்டி. இன்றைய ஜியோபிசியின் சித்தாந்தம் முழுவதும் அதில் இருந்தது. அன்று வீடுகளுக்குப் போன லைன்தான் அதற்கு ஈடு கொடுக்கவில்லை.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது. எனவே இம்முறை படம் ஓடும் என்றே நினைக்கிறேன். லைன் வேகம் தீர்ந்த பிரச்சினை என்றால், தீராத பிரச்சினை எது என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன. இரண்டும் 2025-இல் நடந்தவை.

டேஜான் தீ

செப்டம்பர் 26 இரவு, தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் தீப்பிடித்தது. சர்வர்களுக்கு அருகே இருந்த லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. தீயை முழுதாக அணைக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆனது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றுபோயின. அவற்றில் 96 நேரடியாக எரிந்து நாசமாயின. செல்போன் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. அஞ்சல்துறையின் வங்கிச் சேவை முடங்கியது. அறுவடைத் திருநாளான சூசோக்குக்குப் பரிசுப் பொட்டலங்கள் குவியும் நேரத்தில் தபால் நிலையங்கள் தடுமாறின.

இதைவிடப் பெரிய அடி வேறு. கொரிய அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளைச் சொந்த மேசைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் ‘ஜி டிரைவ்’ என்ற மையச் சேமிப்பில் வைக்க வேண்டும் என்பது 2018 முதல் இருந்த வழிகாட்டுதல். ஆளுக்கு 30 ஜிபி. அந்த டிரைவ் முழுவதும் எரிந்தது. போனது 858 டெராபைட். வேறு இடத்தில் நகல் இல்லை. கொள்ளளவு பெரிது, அமைப்பு அப்படிப்பட்டது, அதனால் வெளியே நகல் எடுக்க முடியவில்லை என்றார்கள்.

அதிகம் அடிபட்டது பணியாளர் மேலாண்மை அமைச்சகம். மற்ற துறைகளில் சிலர் பழைய வழக்கப்படி மேசைக் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். இந்த அமைச்சகமோ உத்தரவை அப்படியே கடைப்பிடித்து எல்லாவற்றையும் ஜி டிரைவிலேயே வைத்திருந்தது. பிறகு கோப்புகளை மீட்க எதை நாடினார்கள் தெரியுமா? மேசைக் கம்ப்யூட்டர்களில் கடைசி ஒரு மாதத்தில் தங்கிப்போன பிரதிகளை, மின்னஞ்சல் இணைப்புகளை, அச்செடுத்துவைத்த காகிதங்களை. விதியை மீறியவர் தப்பினார், மதித்தவர் மாட்டினார். நிர்வாகத்துக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

பூட்டியது வாடினாரில் அல்ல

அதற்கு இரண்டு மாதம் முன்பு, குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் திறக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் செயலியும் வேலை செய்யவில்லை. நிறுவனத்தில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு இருப்பதைக் காரணம் காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18-இல் அதன்மீது தடை விதித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களில் சேவையை நிறுத்தியது.

உரிமத்துக்கான பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, எங்கள் தகவலையே எங்களால் பார்க்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு விசாரணைக்கு வந்த கையோடு, ஜூலை 30-இல் சேவை திரும்பியது. அந்தத் தடை சரியா தவறா என்பது தனி விவாதம். இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி இயங்கும் நிறுவனம். நாடு முழுவதும் 6,000-க்கு மேற்பட்ட பெட்ரோல் பங்குகள். அதன் அலுவலகத்தை ஆள் அனுப்பாமல், நோட்டீஸ் ஒட்டாமல் ஒரு கணக்கை முடக்கியே பூட்டிவிட முடிந்தது.

உடனே ‘உள்நாட்டுக் கம்பெனிக்கு மாறிவிட வேண்டியதுதான்’ என்ற குரல் எழுந்தது. ஏறக்குறைய 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. நம் ஊர் நிறுவனத்துக்குக் கிடைத்த இடம், மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாதம் பாதிதான் நிற்கிறது. நயாராவைக் கைவிட்டது அயல்நாட்டு நிறுவனம். டேஜானில் எரிந்ததோ கொரிய அரசின் சொந்தக் கட்டடம், சொந்த சர்வர். சுதேசி என்பது தடை ஆணையிலிருந்து காப்பாற்றும், தீயிலிருந்து காப்பாற்றாது.

காப்பாற்றுவது எது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் உதாரணம் உண்டு. 2024 மே மாதம் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் தனி கிளவுட் அமைப்பை, கூகுள் கிளவுடில் நடந்த ஓர் அமைப்புப் பிழை அழித்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. நிதியம் பிழைத்ததற்கு, இன்னொரு நிறுவனத்திடம் அது தனியாக நகல் வைத்திருந்தது பெரிதும் உதவியது.

சொந்தக் கம்ப்யூட்டர் மட்டும் பத்திரமா என்று கேட்டால், அதுவும் முழுப் பத்திரம் இல்லை. 2024 ஜூலை 19-இல் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸோடு பயணிகள் ஏறினார்கள். தாமதம் இருந்தது, விமானமும் பறந்தது. கையால் எழுதலாம் என்று சொல்ல அங்கே யாருக்கோ அதிகாரம் இருந்தது.

‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’

நம் ஊர்க் கவுன்ட்டர்களில் இல்லாதது அந்த அதிகாரம்தான். ரேஷன் கடையின் கைரேகை மெஷின், இ-சேவை மையம், சார்பதிவாளர் அலுவலகம், வங்கிக் கிளை எல்லாமே இன்று ஏதோ ஒரு வகையில் தின் கிளையன்ட்தான். மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊழியர் பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது. வரிசையில் நிற்பவர் கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அரிசி வாங்க வந்த அன்று ஒரு நாள் சம்பளம் போகும். நாளைக்கு மறுபடி வந்தால் இன்னொரு நாள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு முகூர்த்த நாள் பார்த்து, வெளியூர்ச் சாட்சிகளைக் கூட்டிவந்தவர் நிலைமை இன்னும் மோசம். சர்வர் நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்த நஷ்டம் முழுவதும் மக்கள் தலையில்தான்.

என்ன செய்யலாம்?

முதலில் கவுன்ட்டரைச் சரிசெய்ய வேண்டும். சர்வர் இத்தனை நிமிடம் கிடைக்காவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கலாம் என்ற விதி ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். மெஷினிலேயே அன்றைய பட்டியலைச் சேமித்து, லைன் வந்ததும் மையத்துக்கு அனுப்பும் வசதியை ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கலாம். பத்திரப்பதிவு போல அப்படிக் கொடுக்க முடியாத சேவைகளில், வந்த நேரத்தைக் குறித்து முத்திரையிட்ட ஒரு சீட்டு. அடுத்த நாள் அவருக்கு முதல் டோக்கன். சர்வர் எத்தனை மணி நேரம் நின்றது என்பதைத் துறைவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். வெளியே தெரிந்தால்தான் ஒப்பந்ததாரருக்கு அபராதம் போட முடியும்.

அரசு டெண்டர்களில் மூன்று வரி சேர்த்தால் டேஜானும் வாடினாரும் இங்கே நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சேமிப்புக்கும் வேறொரு நகரில், வேறொரு நிர்வாகத்தின் கீழ் இரண்டாம் நகல். அந்த நகலிலிருந்து உண்மையிலேயே சேவையை எழுப்ப முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை. ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முறிந்தாலும், குறைந்தது 90 நாள் அவகாசமும், கோப்புகளை எல்லா மென்பொருளிலும் திறக்கும் பொது வடிவில் திருப்பித் தரும் கடமையும். இரண்டாவது வரியைத்தான் அதிகாரிகள் தட்டிக்கழிப்பார்கள். ஒத்திகை தோற்றால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தன் தகவலை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் உரிமை, 2019-இல் வந்த தனிநபர் தரவு மசோதாவில் இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் காணாமல் போனது. ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், கிளவுட் நிறுவனத்தை மாற்றிக்கொள்வதற்கான தடைகளை நீக்கச் சொல்கிறது. 2027 ஜனவரி 12 முதல் அப்படி மாறுவதற்குத் தனிக் கட்டணமும் வாங்க முடியாது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்த உரிமையைத் திருத்தமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டுக்கு வாடகைக் கம்ப்யூட்டர் எடுப்பவர்கள் சந்தா கட்டும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். சந்தா நின்றபின் என் கோப்புகள் எத்தனை நாள் இருக்கும்? பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ எடுத்துக்கொள்ள முடியுமா? வீட்டுப் பிரின்டர் வேலை செய்யுமா? சான்றிதழ்கள், பத்திரங்கள், குழந்தைகளின் படங்கள் எந்தக் கிளவுடில் இருந்தாலும் வீட்டு அலமாரியில் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கட்டும். ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பயன்படுத்துபவர்கள் ‘டேக்அவுட்’ வசதியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, விண்டோஸ் 10-ஐ நம்பி நின்ற பழைய மெஷின்கள். அரசு அலுவலகங்கள் இவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பத் தேவையில்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் தனியாகவே ஓடும். கேரளத்துப் பள்ளிகள் கைட் என்ற அரசு நிறுவனம் தயாரித்த லினக்ஸில்தான் இயங்குகின்றன. தனியாக ஓட முடியாத அளவுக்குப் பழையவற்றைப் பள்ளி ஆய்வகத்தில் தின் கிளையன்டாக வைத்து, அதே அறையில் நிற்கும் ஒரு சர்வரோடு கேபிளில் இணைக்கலாம். வெளி நெட் போனாலும் வகுப்பு நடக்கும். பராமரிக்க வேண்டியது ஒரே மெஷினை. இதற்கு வேண்டிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கழித்துக்கட்டும் ஏலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, வரும் கோடை விடுமுறையில் மாவட்டத்துக்கு ஒரு பள்ளியில் இதைச் செய்துபார்க்கலாம்.